ராமநாதபுரம் கடற்கரை: தகவல் கேட்பதும் கருத்துச் சொல்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்.பி.பட்டினத்திலிருந்து ரோச்மா நகர் வரை எந்தக் கரைக்குப் போனாலும் இந்தச் சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உரிமை சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. எந்தத் தாள் எந்த ஆபீசில் கிடக்கிறது, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது தெரியாமல்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறோம்.

நான் சாதாரண நாட்டுப்படகு மீனவன். கடல், தீவு பத்தியெல்லாம் கவர்ன்மெண்டுகிட்ட கேக்க எனக்கு உரிமை இருக்கா?

இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இந்தியக் குடிமக்கள் எல்லாருக்கும் பொது. எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதில் வந்து சேர ஒரு முகவரி கொடுத்தால் போதும்.

சங்கத்தின் பெயரில் மட்டும் மனுப் போடாதீர்கள். சட்டம் 'குடிமகன்' என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சங்க மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலைவரோ செயலாளரோ சொந்தப் பெயரில் போட்டு, கையெழுத்துக்குக் கீழே பொறுப்பைக் குறிப்பிடலாம்.

எந்த ஆபீஸ்ல கேக்கணும்? எல்லாத்துக்கும் கலெக்டர் ஆபீஸ்தானே?

கலெக்டர் ஆபீசில் கொடுத்தாலும் வீணாகாது. தங்களிடம் இல்லாத தகவல் என்றால், சட்டத்தின் 6(3) பிரிவுப்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஆனால் நடைமுறையில் அந்த 5 நாள் பல வாரமாக இழுக்கும். நேராகப் போவதே நல்லது.

தீவுகள், தேசியப் பூங்கா, கடல் ஆமை, ஆவுளியா (கடல்பசு), வனத்துறை ஊர்களில் அமைத்த சூழல் மேம்பாட்டுக் குழுக்களின் கணக்கு என்றால் ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம். படகுப் பதிவு, தடைக்கால நிவாரணம், இழுவை மடி, சுருக்குமடி மீதான நடவடிக்கை என்றால் உங்கள் பகுதி மீன்வளத்துறை உதவி இயக்குநர். ஆலைக் கழிவு, புதுத் திட்டம் பற்றி மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியம். கடலோர மண்டல வரைபடம் என்றால் சென்னையில் உள்ள மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். கடலோர மண்டலத்துக்கான மாவட்டக் குழுவின் கூட்டக் குறிப்புகளுக்குக் கலெக்டர் ஆபீஸ். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மத்திய அரசு அலுவலகம். இது கட்டணம் கட்டும்போது முக்கியம். அடுத்த பதிலில் பாருங்கள்.

மனு எப்படி எழுதுறது? வக்கீல் வேணுமா?

வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள், தமிழ் போதும். 'பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்' என்று போட்டு அலுவலகத்தின் பெயரை எழுதுங்கள். மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். மத்திய அரசு அலுவலகத்துக்கு அந்த வில்லை செல்லாது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் எடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே கிடையாது. ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்பி, மனுவின் நகலையும் ரசீதையும் ஒன்றாகப் பின் பண்ணி வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.

பாதி மனுக்கள் தோற்பது கேள்வியின் அமைப்பால். 'எங்க ஊர் பக்கம் பவளப்பாறை ஏன் அழியுது? என்ன நடவடிக்கை எடுத்தீங்க?' என்று எழுதினால், 'விளக்கம் கேட்பது சட்ட வரம்பில் வராது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கோப்பில் ஏற்கெனவே இருக்கும் தாளைத்தான் கேட்க வேண்டும். இப்படி எழுதுங்கள்: '1-4-2022 முதல் இன்று வரை மண்டபம் வனச்சரகத்தில் பதிவான வன உயிரினக் குற்ற வழக்குகளின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக, குற்ற வகைவாரியாக', 'நடைமுறையில் உள்ள தேசியப் பூங்கா மேலாண்மைத் திட்டத்தின் நகல்', 'எங்கள் கிராமச் சூழல் மேம்பாட்டுக் குழுவுக்கு இதே காலத்தில் விடுவித்த தொகை, தேதிவாரியாக'. காலம், இடம், ஆவணத்தின் பெயர் மூன்றும் இருந்தால் நழுவ இடமில்லை. ஒரு மனுவில் ஒரே விஷயம். மூன்று நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம்.

கோப்பு பெரிது என்று தெரிந்தால் நகல் கேட்காமல், 'நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்' என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பார்த்து, வேண்டிய பக்கத்துக்கு மட்டும் பக்கம் 2 ரூபாய் கட்டி நகல் எடுத்துக்கொள்ளலாம். கடற்கரைக்காரர்கள் அதிகம் பயன்படுத்தாத, ஆனால் நன்றாக வேலை செய்கிற வழி இது. குறிப்பேட்டில் அதிகாரி ஓரத்தில் எழுதிய இரண்டு வரி, இருபது பக்க அறிக்கை சொல்லாததைச் சொல்லிவிடும்.

எங்க ஊர்ல பாசி எடுக்குற பொம்பளைங்க பல பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க என்ன செய்யுறது?

வாயால் சொன்னால் போதும். எழுத முடியாதவர் சொல்வதை எழுதிக்கொள்ள உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்று 6(1) பிரிவே சொல்கிறது. போகும்போது நான்கைந்து பேராகப் போங்கள். கட்டாயமில்லை, ஆனால் நாற்காலி கிடைக்கும்.

பாசி எடுப்பவர்கள் எடுக்கும் நாட்களையும் முறையையும் தாங்களே கட்டுப்படுத்திக்கொண்டால், அதை ஊர்க் கூட்டத் தீர்மானமாக எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ஒரு நகலை வன உயிரினக் காப்பாளருக்குக் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்மணி லட்சுமி 2015-ல், தீவுச் சூழலைக் காக்கும் அமெரிக்க அமைப்பு ஒன்றின் சீகாலஜி விருது பெற்றார். அந்தப் பெண்களின் பாதுகாப்பு முயற்சி வெளிநாடு வரை தெரிந்திருக்கிறது. நம் மாவட்டக் கோப்பிலும் அது தாளாக இருக்க வேண்டும்.

30 நாள் ஆச்சு. ஒரு பதிலும் இல்லை.

பதில் தர அவர்களுக்கு 30 நாள்தான் கெடு. 31-வது நாளே முதல் மேல்முறையீடு போடலாம். அதே அலுவலகத்தில் தகவல் அலுவலருக்கு மேலே இருக்கும் 'மேல்முறையீட்டு அலுவலர்' பெயருக்கு எழுத வேண்டும், வில்லை தேவையில்லை. இதற்கு உங்களுக்கு 30 நாள்தான் அவகாசம். இங்கேதான் நிறையப் பேர் 'வரும், வரும்' என்று காத்திருந்து கோட்டை விடுகிறார்கள். மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளுக்குள், காரணம் எழுதி நீட்டினால் 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே தேதி கிடைக்கத் தாமதமாகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கெடு தாண்டிக் கொடுக்கும் தகவலுக்குப் பக்கக் கட்டணம் கேட்கக்கூடாது. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். முதல் மேல்முறையீட்டில் இதை ஒரு வரி நினைவூட்டினாலே தாள் நகர்வதைப் பார்க்கலாம்.

பதில் வந்துச்சு, ஆனா 'மூன்றாம் நபர் தகவல், தர இயலாது'ன்னு போட்டிருக்கு.

தனியார் கம்பெனியோ இறால் பண்ணையோ கொடுத்த ஆவணம் என்றால் இப்படி வரும். அப்படிப்பட்ட தகவலாக இருந்தாலும் உடனே மறுக்க முடியாது. 11-வது பிரிவுப்படி அந்த நபருக்கு 5 நாளில் நோட்டீஸ் கொடுத்து, அவர் பதில் சொல்ல 10 நாள் விட்டு, 40 நாளுக்குள் அலுவலர்தான் முடிவெடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நகலை மேல்முறையீட்டில் கேளுங்கள். பெரும்பாலும் அது இருக்காது. வணிக ரகசியமாகவே இருந்தாலும் பொது நலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று 8-வது பிரிவு சொல்கிறது. குடிநீர்க் கிணறு உப்பாவது பொது நலன் இல்லாமல் வேறென்ன?

'தகவல் பெரிது, தொகுக்க முடியாது' என்று வந்தால் மேலே சொன்ன பார்வையிடல் வழியில் போங்கள்.

தீவுப் பக்கம் போகக்கூடாதுங்கிறாங்க. கடல்ல கோடா போட்டிருக்கு? எல்லை எதுன்னு எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. சிங்கில், குருசடை தொடங்கித் தூத்துக்குடி வான் தீவு வரை 21 தீவுகள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. தீவுகளும், கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரையுள்ள நீரும் பூங்கா எல்லை. ஒரு பாகம் என்பது ஆறடி; மீட்டரில் ஏறக்குறைய 6.4, 9.1. ஆழத்தை வைத்து எல்லை என்பதால், தீவிலிருந்து இத்தனை தூரம் என்று ஒரே கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இதைச் சுற்றித்தான் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் (1989) இருக்கிறது. காப்பகம் முழுக்கத் தடை என்று யாராவது சொன்னால் அது தவறு. கடும் தடை பூங்கா எல்லைக்குள்தான்.

செய்ய வேண்டியது: 'எங்கள் ஊருக்கு எதிரே உள்ள தீவின் பூங்கா எல்லைப் புள்ளிகளுடைய அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியலும் வரைபடமும்' என்று வன உயிரினக் காப்பாளரிடம் தகவல் மனுவில் கேளுங்கள். கிடைத்த புள்ளிகளை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றி ஊர்ப் படகுகள் எல்லாவற்றுக்கும் கொடுங்கள். வழக்கு வந்தபிறகு எல்லை தேடுவதைவிட இது மலிவு.

புதுசா ஒரு சரணாலயம்னு அறிவிச்சா எங்க தொழில் போயிடுமா? எங்ககிட்ட கேப்பாங்களா?

வகையைப் பொறுத்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி சரணாலயம் அறிவிக்கும் நோக்கம் வெளியானதும், எல்லையையும் உரிமை கோரும் முறையையும் விளக்கிக் கலெக்டர் ஊர்மொழியில் பிரகடனம் வெளியிட வேண்டும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உரிமை கோரி எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு மாதம்தான் உயிர். கரைவலைப் பாடு, மீன் உலர்த்தும் களம், வள்ளம் ஏற்றும் இடம், கோயிலுக்கோ தர்காவுக்கோ போகும் பாதை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சர்வே எண் தெரிந்தால் அதையும் போட்டு எழுதுங்கள். கடல்பகுதியைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்த பிறகே எல்லையைத் தீர்மானிக்க வேண்டும் என்று 26ஏ பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

'பாதுகாப்புக் காப்பகம்' என்பது வேறு வகை. பாக் விரிகுடாவில் நமக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டருக்கு அறிவித்த கடல்பசுக் காப்பகம் அந்த வகை. அதற்கு உள்ளூர் மக்களிடம் முன்கூட்டியே கலந்து பேசுவது கட்டாயம். மேலாண்மைக் குழுவில் அந்தந்த ஊராட்சிக்கு ஒரு பிரதிநிதி உண்டு. தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவித்தார்கள். அங்கே தொழில் செய்பவர்கள் அந்த அறிவிக்கையையும் எல்லை விவரத்தையும் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

கடலோர மேலாண்மை மேப்ல எங்க ஊரே இல்லைன்னு சொல்றாங்களே, உண்மையா?

உங்கள் ஊர் வரைபடத் தாளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தயாரித்த வரைவு வரைபடங்களில் மீனவக் குடியிருப்பு, படகு நிறுத்துமிடம், வலை காயப்போடும் இடமெல்லாம் விடுபட்டிருக்கின்றன என்று தமிழகக் கடலோரம் முழுக்க ஆட்சேபம் எழுந்தது. 1:4000 அளவில் உள்ள தாளைக் கேளுங்கள். 1:25,000 தாளில் ஊர் ஒரு புள்ளிதான். மனுவில் 'எந்த ஆண்டு அறிவிக்கையின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட, இப்போது அமலில் உள்ள வரைபடம்' என்று சேருங்கள். பழையதைக் கொடுத்துப் புதியது என்று நினைக்க வைக்கும் குழப்பம் அடிக்கடி வருகிறது.

தாள் வந்ததும் பார்க்க வேண்டியவை: உயர் அலைக்கோடு எந்த வீட்டுக்குப் பின்னால் போகிறது, மணல்மேடும் ஆமை முட்டையிடும் கரையும் கடல்புல் படுகையும் குறித்திருக்கிறதா, உங்கள் பொது இடங்கள் இருக்கின்றனவா. விடுபட்டதைப் பட்டியலிட்டு, புகைப்படமும் ஜிபிஎஸ் புள்ளியும் இணைத்து, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குக் கொடுங்கள். அந்தக் குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அந்த மூவர் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்பதே ஒரு நல்ல தகவல் மனு.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப்போகுது? முடிவு பண்ணிட்டுத்தானே நடத்துறாங்க?

அது வாக்கெடுப்பு இல்லை. ஆயிரம் பேர் 'வேண்டாம்' என்றாலும் திட்டம் தானாக நிற்காது. ஆனால் கூட்டத்தில் பதிவான ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் பிறகு நிற்பது அந்தப் பதிவுதான். வெளிநடப்புச் செய்தால் பத்திரிகையில் படம் வரும், குறிப்பில் ஒன்றும் வராது. பேசிவிட்டு வெளிநடப்புச் செய்யுங்கள்.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கூட்ட நோட்டீஸ் 30 நாள் முன்னதாகப் பத்திரிகைகளில் வர வேண்டும். அதில் ஒரு பத்திரிகை உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கலெக்டர், அல்லது அவருடைய பிரதிநிதியாக வரும் கூடுதல் மாவட்ட நடுவர் (அடிஷனல் டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்திரேட்) நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை தாங்குவார். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிக்குள் பந்தல் காலியாகிவிடுகிறது. பத்துப் பேராவது உட்கார்ந்து, தாங்கள் சொன்னது விடுபட்டால் அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்க வைக்க வேண்டும். பேசியதை எழுத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

என்ன பேசுவது? 'கடல் எங்கள் தாய்' என்பதைக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருக்கிவிடுவார்கள். 'அறிக்கையின் இந்தப் பக்கத்தில் கணக்கெடுப்பு இரண்டு வாரம் மட்டும் நடந்ததாக இருக்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடலில் தொழில் வேறு, வாடையில் வேறு. இரண்டு பருவத்துக்கும் எடுத்தீர்களா?' என்று கேட்டால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

எங்க ஊர்ல கருத்துக்கேட்பே நடக்காம ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்துட்டாங்களே?

சில வகைக்கு அது தேவையில்லை என்று விதியே சொல்கிறது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 'பி2' வகைக்கு மாற்றினார்கள். அந்த வகைக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. உற்பத்திக்குப் போகும்போதுதான் முழு நடைமுறை. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசி பெற்ற அனுமதி, கொடுத்துச் சில மாதம் கழித்துத்தான் பரவலாகத் தெரியவந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அதைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக மாநில அரசு அறிவித்தது.

அதனால் நோட்டீசுக்காகக் காத்திருக்காமல், மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் மாவட்டத்தின் பெயரைப் போட்டு மாதம் ஒருமுறை தேடுங்கள். விண்ணப்பம், மதிப்பீட்டு அறிக்கை, நிபுணர் குழுக் கூட்டக் குறிப்பு எல்லாம் அங்கே ஏறும். ஊரில் படித்த பிள்ளை ஒருவருக்கு இதை நிரந்தர வேலையாகவே ஒப்படைக்கலாம்.

அனுமதி கொடுத்தாச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் முறையிடலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். 90 தாண்டினால் எவ்வளவு நியாயமான வழக்கானாலும் கதவு மூடிவிடும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

அதுவும் போய்விட்டால் நிபந்தனைகளைப் பிடியுங்கள். திட்டக்காரர்கள் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. அறிக்கையில் சொன்னதையும் கரையில் நடப்பதையும் ஒப்பிட்டு எழுதும் புகாருக்கு நல்ல எடை உண்டு.

கிராம சபைத் தீர்மானம் போட்டா செல்லுமா?

திட்டத்தைத் தனியே நிறுத்தாது. ஆனால் மேலே சொன்ன எல்லா மனுவோடும் இணைக்கும்போது கனம் கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை வழக்கமான நாட்கள். பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊராட்சிகளுக்கு இது பொருந்தும். ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகள். மண்டபம், தொண்டி பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது, பகுதி சபையில் கொண்டுவர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பக்கத்தின் நகலை அன்றே போட்டோ எடுங்கள்.

மனுப் போட்டா படகு லைசென்ஸ், மானியத்துல கை வைப்பாங்களோன்னு பயமா இருக்கு.

பயம் வீண் இல்லை. பெயரே இல்லாமல் மனுப் போட முடியாது. ஆனால் வீட்டு முகவரி கொடுக்காமல் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. எந்தக் குடிமகனும் எந்த ஊர்த் தகவலையும் கேட்கலாம் என்பதால், படகே இல்லாத, வெளியூரில் வேலை பார்க்கும் உறவினர் பெயரில் போடுவதுதான் சுலபம்.

கடல் அட்டையைப் பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லி மனுப் போடலாமா?

தாராளமாகப் போடலாம், கொள்கை மாற்றம் கேட்பது குற்றமில்லை. 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது மத்திய அரசு, எனவே மனு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போக வேண்டும். கலெக்டரிடம் கொடுத்துப் பயனில்லை. தகவல் மனுவில் கேட்க வேண்டியது, சேர்த்தபோது அடிப்படையாக இருந்த ஆய்வும், அதன்பிறகு எடுத்த இருப்புக் கணக்கெடுப்பும். பட்டியலில் இருக்கும்வரை பிடிப்பதும் வைத்திருப்பதும் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றம்.

வலையில ஆவுளியாவோ ஆமையோ மாட்டுனா சொல்லலாமா, வழக்கு வருமா? ஆமை முட்டை போட்ட இடத்தை பேஸ்புக்ல போடலாமா?

ஆவுளியா சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் மாட்டினால் மூழ்கித்தான் சாகிறது. வலையை அறுத்துவிடுங்கள். விடுவிக்கும்போதே ஒரு நிமிட வீடியோ எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்; எண் கையில் இல்லையென்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. இறந்து கிடந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னவரைவிட, மறைத்துக் கரைக்குக் கொண்டுவந்தவர்தான் வழக்கில் மாட்டுவார். ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் தள்ளாதீர்கள். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். நுரையீரல் தண்ணீர் வடிந்து தெளிய ஒரு நாள்கூட ஆகலாம்.

முட்டையிட்ட இடத்தைப் போடாதீர்கள். தகவல் உரிமை பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதை மட்டும் மூடச் சொல்கிறோம்; காரணம், படத்தில் இருக்கும் பனைமரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் வைத்தே முட்டை எடுப்பவர் இடம் கண்டுபிடித்துவிடுவார். வனத்துறைக்கு மட்டும் சொல்லுங்கள்; குஞ்சு பொரிப்பகத்துக்கு எடுத்துப்போவார்கள். படம் போட்டே ஆகவேண்டும் என்றால், குஞ்சுகள் கடலுக்குப் போன பிறகு, ஊர்ப் பெயர் இல்லாமல், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்ததைப் போடுங்கள். போனில் இருப்பிடக் குறியீட்டை அணைத்துவிட்டுப் படமெடுத்தீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.